இருபத்தேழு சொன்ன ஸ்கோர்

கோவில்பட்டியில் டென்னிஸ் பிடித்த ஆள் நான் ஒருத்திதான் என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அது உண்மையாகவே இருந்திருக்கலாம். எங்கள் ஊர் ஆக்கி ஊர். சாயங்காலமானால் எந்தப் பொட்டலிலும் மட்டையும் கையுமாக நாலு பேர் நிற்பார்கள். மில் அதிகாரிகளின் கிளப்பில் மதில் சுவருக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் தளம் இருந்ததாகக் கேள்வி. வெள்ளை டவுசர் போட்ட இரண்டு பேர் அதில் ஆடுவார்களாம். நான் பார்த்ததில்லை. பெண்களுக்கு அந்தப் பக்கம் போக வேலை எதுவும் இல்லை.

எனக்கு டென்னிஸ் ரேடியோ வழியாக வந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்தில் ஆங்கிலத்தில் பேசச் சொல்வார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அப்பா இறந்தபின் மூலையில் கிடந்த டிரான்சிஸ்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எது வந்தாலும் கேட்டேன். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மாட்டியதுதான் நாடுகளுக்கு இடையே நடக்கும் டென்னிஸ் கோப்பையின் வர்ணனை. ஒன்றும் விளங்கவில்லை. நிமிஷத்துக்கு ஒருமுறை அந்த ஆள் ‘லவ்’ என்றார். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவளுக்கு அந்த ஒரு ஆங்கில வார்த்தை மட்டும் தெரியும். நான் சத்தத்தைக் குறைத்து, ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் அது பூஜ்யம் என்று பிடிபட்டது.

மூன்று நாள் ஆட்டம் அது. வெள்ளிக்கிழமை இரண்டு ஒற்றையர், சனிக்கிழமை ஒரு இரட்டையர், ஞாயிற்றுக்கிழமை மறுபடி இரண்டு ஒற்றையர். ஐந்தில் மூன்றை ஜெயித்த நாடு அடுத்த சுற்றுக்குப் போகும். மற்ற போட்டிகளில் ஆடுகிறவர்கள் தனி ஆட்கள். அவர்கள் ஜெயித்தால் அவர்களுக்கு, தோற்றால் அவர்களுக்கு. இதில் மட்டும் உலக வரிசையில் எங்கோ கிடக்கும் நம் ஆள், முதல் பத்தில் இருக்கிற ஒருவனை நாட்டுக்காக ஆடும்போது அடித்துவிடுவான். அதன் காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அது நடந்தது, திரும்பத் திரும்ப நடந்தது. நானும் அதற்காகக் காத்திருக்கப் பழகிவிட்டேன்.

“அந்தப் பந்து எங்கிட்டுப் போனா ஒனக்கென்னட்டி?” என்பாள் அம்மா. நான் ரேடியோவை இன்னும் காதோடு ஒட்டிக்கொள்வேன்.

வேலை கிடைத்தது. உள்ளூரிலேயே டிரங்க் போர்டில் போட்டார்கள். சுவர் முழுக்கத் துளைகளும் சின்ன விளக்குகளுமாக ஒரு பலகை, அதன் முன்னால் எட்டு நாற்காலிகள். தலையில் ஹெட்செட். தீப்பெட்டிக் கம்பெனிக்காரரோ பஞ்சுக் கமிஷன் கடைக்காரரோ மெட்ராஸ் வேண்டும் என்று பதிவு செய்தால், சீட்டில் எழுதிக்கொண்டு மதுரையைக் கூப்பிட வேண்டும். மதுரை மெட்ராஸைக் கொடுக்கும். மெட்ராஸ் ஆபரேட்டர் அந்த ஊர் எண்ணைப் பிடித்துத் தருவார். இரண்டு பக்கமும் “ஹலோ” சொன்னதும் நாங்கள் விலகிவிட வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சுக்கு வாசல்வரை போய்த் திரும்பி வருகிற வேலை.

ஆபரேட்டர்கள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லிக்கொள்ளக் கூடாது. எண் மட்டும்தான். நான் நாற்பத்தொன்று. மெட்ராஸ் முனையில் எனக்கு அடிக்கடி வாய்த்தவர் இருபத்தேழு. பெண். எப்போதும் லேசாகச் சளி பிடித்ததுபோன்ற குரல். “ட்ரங்க்ஸ்” என்று சொல்லும்போது கடைசி எழுத்தைச் சற்று இழுப்பார். மற்றவர்கள் “லைன் பிஸி” என்று வெட்டிவிடுகிற இடத்தில், அவர் “இன்னொரு தடவை பாக்கறேன், இருங்க” என்பார்.

ஒரு சனிக்கிழமை. முதல் நாள் ஆட்டத்தில் ஆளுக்கொன்று ஜெயித்திருந்தது தெரியும். நான் டியூட்டிக்கு வந்துவிட்டேன். இரட்டையர் என்ன ஆயிற்று என்று தெரியாமல் கை வேலையில் ஓடவில்லை. ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்காக மெட்ராஸ் எண் மணியடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அந்த இடைவெளியில் என்னை அறியாமல் இருபத்தேழிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

“மேடம், அங்கன டென்னிஸ் என்னாச்சுன்னு தெரியுமா?”

புகார் எழுதிவிடுவாரோ என்று பயந்தேன்.

“இருங்க. கேட்டுச் சொல்றேன்” என்றார்.

அரைமணி கழித்து வேறொரு காலுக்காக அவரைப் பிடித்தபோது, எண்ணைக் கேட்பதற்கு முன்பே சொன்னார். “ஆறு நாலு, மூணு ஆறு, ஏழு அஞ்சு, ஆறு ரெண்டு. நம்மவங்க ஜெயிச்சாச்சு.”

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போனதா மிதந்து போனதா என்று தெரியாது. செட் செட்டாக, ஒரு எண் விடாமல் எனக்காக ஒருவர் சொல்லியிருக்கிறார். நாடகம் பார்த்துவிட்டு வந்தவளைப் போல அம்மாவிடம் முழுவதும் சொன்னேன். அவள் “சரி, சோத்தத் தின்னு” என்றாள்.

அதன்பிறகு நாலைந்து வருடம் இது நடந்தது. வருடத்துக்கு மூன்று, நாலு தடவைதான் இந்தக் கோப்பை ஆட்டம் வரும். இடையில் நாங்கள் டென்னிஸ் பேசியதே இல்லை. அந்த வாரக் கடைசிகளில் மட்டும், கால் இணைவதற்குள் கிடைக்கும் பத்து, பதினைந்து விநாடிகளில் அவர் ஸ்கோரைச் சொல்வார். சில சமயம் ஒரு வரி கூடுதலாக வரும். “ரெண்டாவது செட்ல கால் பெரண்டுடிச்சாம், கட்டு போட்டுக்கிட்டு ஆடினாராம்.” இன்னொரு தடவை, “ஒவ்வொரு பிரேக்லயும் கேப்டன் பக்கத்துலயே உக்காந்து தண்ணி குடுக்கறாராம். மத்த போட்டியில எல்லாம் தனியாத்தான் உக்காரணுமாமே?” இது எனக்கும் புதுச் செய்தி. ரேடியோவில் நாற்காலிகள் தெரிவதில்லை.

பிரான்சில் போய், நமக்கு ஒத்துவராத செம்மண் தரையில் நம்மவர்கள் ஜெயித்தபோதும் எனக்குச் சொன்னது இருபத்தேழுதான். பலகையில் ஆறு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நான் சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் கால்களை ஆட்டிக்கொண்டேன். பக்கத்து நாற்காலி ஆபரேட்டர், “ஏன், வரன் கிரன் அமைஞ்சிருச்சா?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வந்த வழியே போயிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். நெற்றியில் திருநீறும் சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாக இருக்கும் கண்டிப்பான மனிதர். எங்கள் லைன்களை இடையில் புகுந்து கேட்க அவர் மேசையில் ஒரு ஸ்விட்ச் உண்டு. மேசைமேல் ஒரு சீட்டு இருந்தது. அவர் கையெழுத்தில் எண்கள்: ஆறு நாலு, மூன்று ஆறு, ஆறு ஏழு, இரண்டு ஆறு.

“இது என்னம்மா?”

“டென்னிஸ் ஸ்கோர் சார்.”

“ஏம்மா, நான் சர்வீஸ்ல சேந்து இருவத்தாறு வருசம் ஆச்சு. யாருகிட்ட கத விடுதீங்க?”

அப்போதுதான் அவர் நினைப்பது எனக்குப் புரிந்தது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நம்பர் லாட்டரிக் கடைகள் நிறைந்திருந்த காலம். முடிவு போனில் வரும். எக்ஸ்சேஞ்சில் இருந்து யாரோ எண்களை முன்கூட்டியே கசியவிடுவதாக ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. நான் மெட்ராஸிலிருந்து எண்களாக வாங்கிக்கொண்டிருந்தது அவர் காதில் வேறெப்படி விழும்?

“சார், பேப்பர்ல போட்டிருப்பாங்க சார். பாத்துட்டுச் சொல்லுங்க.”

அவர் அலமாரியில் இருந்த தமிழ்ப் பேப்பரை எடுத்துத் தள்ளினார். விளையாட்டுப் பக்கம் முழுக்கக் கிரிக்கெட். டென்னிஸ் ஒரு வரிகூட இல்லை.

“நூலகத்துல இங்கிலீஷ் பேப்பர் வரும் சார். அதுல இருக்கும். அவிய வீட்டுக்குத் தரமாட்டாங்க. நீங்க வந்து பாக்கணும்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்ன தோன்றியதோ, சாப்பாட்டு நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் முன்னால், நான் பத்தடி பின்னால். உச்சி வெயில். மெயின் ரோட்டில் தெரிந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நூலகத்தில் அந்தப் பேப்பரை ஒரு பெரியவர் வைத்திருந்தார். அவர் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் படித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் நின்றோம். பிறகு கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில் சூப்பர்வைசர் விரலை வைத்து, ஒவ்வொரு எண்ணாகத் தன் சீட்டோடு ஒத்துப்பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

வெளியே வந்து குடையை விரித்தவர், நடக்கத் தொடங்கிய பிறகு கேட்டார்.

“ஜெயிச்சமா?”

“தோத்துட்டோம் சார்.”

“ம்.” இன்னும் கொஞ்ச தூரம் போனபின், “மெமோ குடுக்கல. ஆனா லைன்ல பேசினது தப்புதான். ஆறு மாசம் கம்ப்ளெய்ன்ட்ல இருங்க” என்றார்.

கம்ப்ளெய்ன்ட் மேசை வேறு அறை. அங்கே வெளியூர்க் குரல்கள் வராது. “லைன் செத்துப்போச்சு”, “மூணு நாளா கொர கொரங்குது”, “மழை பேஞ்சதுல இருந்து வேற யாரோ பேசுதாங்க” என்று உள்ளூர்ச் சண்டைகள் மட்டும் வரும். நான் எழுதிக்கொண்டேயிருந்தேன். அந்த ஆறு மாதத்தில் ஒரு கோப்பை ஆட்டம் வந்து போனது. நூலகத்தில் போய்ப் படித்தேன். அச்சில் இருந்த எண்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் படித்து முடித்ததும் பேப்பரை மடித்து வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

திரும்பி டிரங்க் போர்டுக்கு வந்தபோது எட்டு நாற்காலிகளில் ஐந்து காலியாக இருந்தன. எஸ்.டி.டி. வந்துவிட்டது. தெருவுக்கு இரண்டு மஞ்சள் பூத். கம்பெனிக்காரர்கள் தாங்களே எண்ணைச் சுழற்றி பம்பாய்வரை பேசினார்கள். இருபத்தேழு இன்னும் அங்கே இருந்தார்.

“என்ன, ஆளையே காணோம்? கல்யாணம் ஆயிடுச்சோன்னு நெனச்சேன்” என்றார்.

“இல்ல மேடம், வேற சீட்டுல போட்டிருந்தாங்க.”

காரணத்தைச் சொல்லவில்லை.

இப்போது எங்களுக்கு நேரம் நிறைய இருந்தது. ஆனால் பேச வழி இல்லை. யாராவது மெட்ராஸுக்குக் கால் பதிவு செய்தால்தான் நான் அவரைக் கூப்பிட முடியும். அப்படிப் பதிவு செய்கிறவர் ஒருவர் மிஞ்சியிருந்தார். மல்லியும் வத்தலும் வாங்கி அனுப்பும் பாய் ஒருவர், மார்க்கெட் ரோட்டில் கடை. அவருக்கு எஸ்.டி.டி. மேல் நம்பிக்கையில்லை. “மெஷின் தப்பா கொண்டுபோய் விட்டா யாரக் கேக்க? நீங்கன்னா மனுசர்” என்பார். தினமும் பதினொரு மணிக்கு மெட்ராஸில் இருக்கும் தம்பிக்கு ஒரு ஆர்டினரி கால். அந்த ஒரு கால்தான் எங்கள் பாலம். அவர் தம்பி கடையில் போனை எடுக்க எப்போதும் தாமதமாகும். அதற்குள் நாங்கள் பேசிக்கொள்வோம். பாய்க்கு இது கடைசிவரை தெரியாது.

ஒருநாள் பாய் நேரில் வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று, காகிதத்தில் பொட்டலம் கட்டிய பேரீச்சம்பழத்தை நீட்டினார்.

“மருமகன் வந்து வீட்டுலயும் கடையிலயும் எஸ்.டி.டி. போட்டுக் குடுத்துட்டாரும்மா. இத்தன வருசம் பொறுமையா பேசவச்சீங்க. இனி ஒங்களுக்குத் தொல்லை இல்ல.”

“தொல்லையெல்லாம் இல்ல அண்ணாச்சி” என்றேன்.

அதற்கு முந்தைய நாள் பேசியதுதான் கடைசி என்று பேசும்போது எனக்குத் தெரியாது. அன்று இருபத்தேழு கேட்டிருந்தார். “போர்டை மூடப்போறாங்கன்னு சொல்றாங்க. அப்புறம் ஸ்கோருக்கு என்ன பண்ணுவீங்க?”

“பேப்பர்ல பாத்துக்கிடுதேன் மேடம்.”

“ஆங்” என்றார். பிறகு பாயின் தம்பி போனை எடுத்துவிட்டார். நான் விலகிக்கொண்டேன்.

பெயரைக் கேட்டிருக்கலாம். விலாசம் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று அதன்பிறகு பல வருடம் யோசித்திருக்கிறேன். கேட்டு அவர் தயங்கினால் தாங்க முடியாது என்று பயந்தேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன். இரண்டு வாரத்தில் பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னை விண்ணப்பங்கள் வாங்கும் பிரிவில் உட்காரவைத்தார்கள்.

இரண்டாயிரம் பிறந்தபின் அம்மா போய்விட்டாள். வீட்டில் நானும் ஒரு கலர் டிவியும். கேபிளில் டென்னிஸ் கொட்டியது. எந்த நேரம் போட்டாலும் எங்கோ ஒரு ஊரில் யாரோ இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையாக நாற்காலிகளையும் பார்த்தேன். ஆட்ட இடைவெளியில் ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கு ஆளில்லை. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

நாடுகளின் கோப்பைதான் தேய்ந்துகொண்டே போனது. முதல் பதினாறு நாடுகள் ஆடும் பெரிய பிரிவிலிருந்து நாம் இறங்கி ஆசியப் பிரிவில் கிடந்தோம். பெரிய நாடுகளின் பெரிய ஆட்டக்காரர்கள், வருடம் முழுக்கத் தனிப் போட்டிகள் ஆடிய அலுப்பில், நாட்டுக்கு ஆட வரமாட்டேன் என்றார்கள். மூன்று நாள் அதிகம், ஐந்து செட் அதிகம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரே ஊரில் நடத்தினால் போதும் என்றெல்லாம் எழுதினார்கள். எந்த ஆட்டக்காரரோடு யார் சேர்ந்து ஆடுவது என்று சண்டைச் செய்திகள் வந்தன. ஆட்டச் செய்தி நாலு வரி, சண்டைச் செய்தி நாற்பது வரி. இந்தக் கோப்பையைக் காட்டும் சேனல் ஒருநாள் டிவியில் வரவில்லை. கேபிள்காரரைக் கூப்பிட்டேன்.

“அக்கா, அத இங்கன யாரும் பாக்க மாட்டாங்க. அதான் எடுத்துட்டு பக்தி சேனல் போட்டிருக்கோம்” என்றார்.

“நான் பாக்கேன்ல?”

“நீங்க ஒரு ஆளுதானக்கா.”

எட்டயபுரம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே போய்த் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். திரையில் ஸ்கோர் தானாகவே மாறும். பதினைந்து, முப்பது, நாற்பது. ஆட்டம் நடக்கும்போதே தெரிந்தது, ஒரு நொடி தாமதமில்லை. பலகைத் தடுப்புக்குள் ஃபேன் காற்றில் நான் ஒருத்தியாக உட்கார்ந்து எண்கள் மாறுவதைப் பார்த்தேன். யாருடைய கால் பிரண்டது, யார் கட்டுப்போட்டுக்கொண்டு ஆடினார் என்பதை அது சொல்லாது.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், பெரிய பிரிவுக்கு ஏறும் வழியில் ஒரு முக்கியமான ஆட்டம் சென்னையில் என்று முடிவானது. அந்த ஊரில், அதுவும் பெயர்பெற்ற ஒரு எதிரணியோடு. எனக்கு நாற்பத்தைந்து வயதுக்கு அருகில். அதுவரை ஒரு டென்னிஸ் தளத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. மூன்று நாள் லீவு போட்டேன், ரயிலில் இடம் பதிவு செய்தேன். ஒரு புதுப் பருத்திச் சேலையும் எடுத்தேன்.

ஒரு வாரம் முன்னால் செய்தி வந்தது. பாதுகாப்பு சரியில்லை, நாங்கள் வரமாட்டோம் என்று எதிரணி சொல்லிவிட்டது. ஆட்டம் ரத்து. ஆடாமலே நாம் ஜெயித்ததாக அறிவிப்பு.

லீவை ரத்து செய்யலாம் என்று கையெழுத்துக்குப் போனேன். அதிகாரி, “எதுக்கு ஊருக்குப் போறீங்கன்னு போடவே இல்லையே?” என்றார். “ஒரு விசேஷம் சார்” என்று சொல்லிவிட்டு, ரத்து செய்யாமலே திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சென்னையில் இறங்கி நேரே ஸ்டேடியத்துக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. உள்ளே இரண்டு பேர் ஒரு விளம்பரத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். காவலாளி, “மேட்ச் இல்லம்மா, தெரியாதா?” என்றார்.

“தெரியும். கோயில்பட்டில இருந்து வாரேன். ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்.”

அவர் என் சேலையையும் பையையும் பார்த்துவிட்டுச் சின்னக் கதவைத் திறந்தார். “அஞ்சு நிமிஷம்.”

படிக்கட்டில் ஏறி நடுவாக ஒரு இடத்தில் உட்கார்ந்தேன். நான் நினைத்திருந்ததைவிடத் தளம் ரொம்பச் சின்னது. வலைகூடக் கட்டியிருக்கவில்லை. இத்தனை வருடம் காதில் கேட்ட அத்தனை பேரும் இவ்வளவு இடத்துக்குள்ளா ஓடினார்கள்? ஆயிரக்கணக்கான நாற்காலிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஐந்து நிமிஷம் ஆனதும் யாரும் சொல்லாமல் நானே எழுந்துவிட்டேன்.

அதன்பிறகு போக இடமில்லை. திரும்பும் ரயில் ஞாயிற்றுக்கிழமை. கால்போன போக்கில் நடந்தபோதுதான் பழைய டிரங்க் எக்ஸ்சேஞ்ச் இருந்த கட்டடத்தைத் தேடிப் போகலாம் என்று தோன்றியது. விசாரித்து விசாரித்துப் போனேன். மாடியில் ஒரு வயதான அம்மாள் கோப்புகளுக்கு நடுவே இருந்தார். என் அடையாள அட்டையைக் காட்டினேன்.

“மேடம், தொண்ணூறு, தொண்ணூத்திரெண்டுல இருவத்தேழாம் நம்பர் ஆபரேட்டர் யாருன்னு தெரியுமா?”

“எதுக்கு?”

“அவிய எனக்கு ஸ்கோர் சொல்லுவாங்க” என்றேன். சொன்னபிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று தோன்றியது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் இருப்பதாகச் சொல்லி, வழி எழுதிக் கொடுத்தார்.

அங்கே மூன்று கவுண்டர்கள். மூன்றிலும் பெண்கள். எது என்று தெரியாமல் நின்றேன். நடுக் கவுண்டரிலிருந்து, “அடுத்தவங்க” என்று ஒரு குரல் வந்தது. லேசாகச் சளி பிடித்த குரல். வரிசையில் நின்று, என் முறை வரும்வரை அவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். குட்டையாக, தடித்த கண்ணாடியும் முழுக்க நரைத்த தலையுமாக இருந்தார். நான் மனதில் வைத்திருந்த ஆள் உயரமானவர்.

“என்ன வேணும்மா?”

“நாப்பத்தொண்ணு” என்றேன். “கோயில்பட்டி.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “டென்னிஸ்!” என்றார், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் அவர் டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சாதத்தைப் பாதி எனக்கு வைத்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டோம். காதில் கேட்டே பழகியதால், எதிரில் ஒரு முகம் பேசுவது இடைஞ்சலாக இருந்தது. ஆட்டம் ரத்தானதைச் சொன்னேன்.

“வரலைன்னா? நாம ஜெயிச்சதா போட்டுடுவாங்களா?”

“ஆமா.”

“அது எப்படி ஜெயிச்சதாகும்?” என்றார். நான் சிரித்துவிட்டு, அந்தப் பழைய பிரான்ஸ் ஆட்டம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு டென்னிஸ் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் ஒரு மேட்ச் பாத்ததில்ல.”

எனக்குப் புரியவில்லை.

“பத்திரிகை ஆபீஸ்காரங்க நாளெல்லாம் கால் போடுவாங்க இல்ல? அதுல ஸ்போர்ட்ஸ்ல இருந்தவர் ஒருத்தர்கிட்ட கேட்டு, ஒரு சீட்டுல எழுதி வெச்சுக்குவேன். அவர் சொல்றத அப்படியே ஒப்பிப்பேன். ஆறு நாலுன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. கால் பெரண்டுதுன்னு சொன்னாரா, அதையும் எழுதிக்குவேன்.”

“எதுக்கு மேடம் அவ்வளவு செரமம்?”

“அப்ப வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன புதுசு. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஏன் லேட்டு, ஏன் கட்டாச்சுன்னு திட்டுத்தான். நீங்க ஒருத்தர்தான் என்னை ஒண்ணு கேட்டீங்க. அடுத்து எப்ப கேப்பீங்கன்னு அந்தப் போட்டி எப்ப வருதுன்னு பாத்து வெச்சுக்க ஆரம்பிச்சேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். இவ்வளவு வருடமாக, என்னைப்போல் டென்னிஸுக்காகத் துடிக்கிற இன்னொரு ஆள் ஒருத்தி மெட்ராஸில் இருக்கிறாள் என்று எண்ணியிருந்தேன். அப்படி ஒருத்தி இருந்ததேயில்லை. அதை நினைத்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவர் தனக்கு ஒன்றுமே புரியாத எண்களை எனக்காக வருடக்கணக்கில் பிசகாமல் சுமந்திருக்கிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மணி அடித்தது. அவர் கவுண்டருக்குப் போக வேண்டும். வாசலில் கைபேசி எண்களை வாங்கிக்கொண்டோம். பெயரும் கேட்டுக்கொண்டோம். அவர் பெயர் அவர் குரலுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

ஊருக்கு வந்தபின் மூன்று, நாலு தடவை பேசினோம். உடம்பு எப்படி, மழை உண்டா, ரிடையர்மென்ட் எப்போது என்று பேசினோம். கால் இணைவதற்குள் கிடைக்கும் பத்து விநாடியில் பேசிப் பழகியவர்களுக்கு முழு நேரம் கிடைத்தபோது சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்து அவர் மகன் அவரை ஓசூருக்கு அழைத்துக்கொண்டு போவதாகச் சொன்னார்.

அதே வருடம் செப்டம்பரில் நம்மவர்கள் வெளிநாட்டில் போய் ஆடி ஜெயித்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப்பின் பெரிய பிரிவுக்குத் திரும்பினோம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கடைசிப் புள்ளிவரை பார்த்தேன். வெளியே வந்து அவர் எண்ணை அழைத்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுசெய்த பெண் குரல் சொன்னது, முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். இன்னொரு தடவை அடித்துப் பார்த்தேன். அதே குரல்.

மறுபடி உள்ளே போனேன். கடைக்காரர், “என்னக்கா, எதையாச்சும் மறந்துட்டீங்களா?” என்றார்.

“இல்ல. இன்னும் ஒரு மணி நேரம் போடுங்க.”

அந்த ஆட்டத்தைப் பற்றி, என்னைப்போல் அதைப் பார்த்த எந்தெந்த ஊர்க்காரர்கள் இணையத்தில் என்னென்ன எழுதியிருந்தார்களோ, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.